இன்னொரு வாய், சாமி

வீடியோவை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை பொத்தான்கள் உயிர் பெறாது. ஷிரீனின் வேலையில் கண்டிப்பான விதி என்று இருந்தது அது ஒன்றுதான். திரையின் அடியில் மூன்று பொத்தான்கள். குழந்தை தனியாகப் பார்க்கலாம் என்றால் பச்சை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம் என்றால் மஞ்சள். குழந்தைகள் கண்ணில் படவே கூடாது என்றால் சிவப்பு. கடைசி நொடி ஓடி முடியும்வரை மூன்றும் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

சேலம் ஐந்து ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. குழந்தைகளுக்கென்றே நடக்கும் ஒரு செயலிக்காகத் தமிழ் வீடியோக்களைப் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுப்பார்கள். ஷிரீனுக்கு வந்தது சாப்பாட்டுப் பிரிவு. புது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டு முகம் சுளிப்பவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு எந்தக் கடை முறுக்கு என்று சொல்பவர்கள், மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடுபவர்கள். உயிர்வேதியியல் படித்துவிட்டு ஊரார் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அத்தாவுக்கு வருத்தம். ஷிரீனுக்கு அந்த வருத்தம் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் மாலைவரை யாரிடமும் பேச வேண்டாம். அவளுக்கு அது போதும்.

அபிநயாவை அவள் அங்கேதான் முதலில் பார்த்தாள். சேனலின் பெயர் ‘அணை அபி’. ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கும் காளிதாஸ் என்பவர் தன் மகளை வைத்து எடுப்பது. பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும். இரட்டைச் சடை. முன்பல் ஒன்று பாதி முளைத்து நின்றது. அப்பா செல்போனைப் பிடித்திருப்பார், அவர் குரல் மட்டும் கேட்கும்.

“இன்னொரு வாய் சாமி. எப்படி இருக்குதுன்னு சொல்லு சாமி.”

அபி மென்று, விழுங்கி, நாக்கால் அந்தப் பாதிப் பல்லைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். “உப்பு கம்மிங்க. ஆனா புது மாப்பிள்ளை வந்தா வெக்கலாங்க. அவரு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு.”

ஷிரீன் ஹெட்போனுக்குள்ளேயே சிரித்துவிட்டாள். பச்சையை அழுத்தினாள். அடுத்து வந்த சிலவற்றுக்கும் பச்சைதான்.

பிறகு ஒரு வீடியோவில் அபியின் மேலுதடு வீங்கியது. எந்தக் கடையோ அனுப்பிய ஊறுகாயை ருசி பார்க்கும்போதுதான் அது நடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு ஒரு பக்கமாக உப்பி, மீனின் வாய்போல முன்னால் வந்தது. அபி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேமராவைப் பார்த்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினாள். காளிதாஸ் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. “காரம்டா சாமி, காரம்!” வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. அன்றிலிருந்து அவள் ‘மீன்வாய் அபி’. கடைக்கு மீன் தின்ன வந்தவர்கள் மீன்வாயைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஷிரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய வீடியோக்களைத் தேடி எடுத்துத் திரும்பப் பார்த்தாள். பச்சை மிளகாய் பஜ்ஜியில் அபிக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது, உதடு வீங்கவில்லை. ஆந்திரா மிளகாய்ப் பொடியிலும் வீங்கவில்லை. வீங்கியது இறால் ஊறுகாயில். பிறகு இறால் வற்றலில். இறால் பொடி போட்ட நூடுல்ஸில் உதட்டோடு காதும் சிவந்திருந்தது. அதில் அவள் பேசும்போதே கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள், குரலும் கொஞ்சம் கரகரத்தது. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதல். இது காரம் இல்லை. இந்தப் பெண்ணின் உடம்புக்கு இறால் ஆகாது. இன்றைக்கு உதடு, நாளைக்குத் தொண்டை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அண்ணன் மகள் மஹீன் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது. பாட்டில் மூடி ஒன்றை உதட்டில் ஒட்டவைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூடியை எடுத்ததும் உதட்டைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக ஒரு வளையம் பதிந்து, நடுவில் உதடு புடைத்து நின்றது.

“குப்பி, மீன்வாய் வந்துருச்சா பாருங்க,” என்று அத்தையிடம் உதட்டைக் காட்டினாள்.

ஷிரீன் மூடியைப் பிடுங்கினாள். “அண்ணி, இவளுக்கு அந்த வீடியோவைப் போடாதீங்க.”

“ஏன்? குழந்தைங்களுக்குன்னு இருக்கறதுலதானே பாக்கறா,” என்றாள் அண்ணி, அரிசி களைந்தபடியே. “பச்சைன்னு போட்டிருக்கு. அங்க ஆளு உக்காந்து பாத்துத்தானே விடறாங்க?”

பார்த்து விடுகிற ஆள் நான்தான் என்று ஷிரீன் சொல்லவில்லை.

மறுநாள் வந்த இறால் வடை வீடியோவுக்குச் சிவப்பை அழுத்தினாள். காரணம் கேட்கும் கட்டத்தில், படத்தில் இருக்கும் குழந்தைக்கு இறால் ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து என்றும், பார்க்கும் குழந்தைகள் உதட்டை வீங்கவைத்து விளையாடுகிறார்கள் என்றும் எழுதினாள். சிவப்பு நிலைத்துவிட்டால் அந்தச் செயலியில் சேனலே முடங்கிவிடும். பார்ப்பவர்கள் குறைந்தால் காளிதாஸ் நிறுத்திவிடுவார். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் அது பச்சையாகத் திரும்பி வந்தது.

மேற்பார்வையாளர் பூபதி அவளைக் கூப்பிட்டனுப்பினார். எடப்பாடிக்காரர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

“உக்காரும்மா. நீ சிவப்பு போட்டது ஒண்ணு மேல போயி மாறி வந்திருக்குது. அது பக்திப் பிரிவாமா.”

“என்ன சார்?”

பூபதி திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வீடியோவிலும் பேசுவதை இயந்திரம் கேட்டு ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதும். தகராறு என்று வந்தால், எங்கோ தொலைவில் தமிழ் தெரியாத ஒருவர் அந்தச் சுருக்கத்தைப் படித்து முடிவு சொல்வார். இறால் வடைக்கு இயந்திரம் இப்படி எழுதியிருந்தது: ஒரு பக்தர் கடவுளுக்கு உணவு படைக்கிறார். இன்னொரு வாய் உண்ணுமாறு கடவுளை வேண்டுகிறார். ருசி எப்படி இருக்கிறது என்று கடவுளைக் கேட்கிறார்.

ஷிரீன் இரண்டாவது தடவையும் படித்தாள். “சார், அவரு பொண்ணைச் சாமிங்கறாரு.”

“எனக்குத் தெரியாதா? என்ற ஊட்டுலயும் பொண்ணைச் சாமீன்னுதான் கூப்படறேன். பொண்ணும் என்னையச் சாமீங்கறா. அவனுக்குத் தெரியலையே.”

“எழுதிச் சொல்லலாமே சார்.”

“ரண்டு தடவ எழுதிட்டேன். வேற மொழி வார்த்தையப் பத்தி வாதாட வேண்டாம்னு பதில் வந்துச்சு.” பூபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. “இதக் கேளும்மா. பக்தி வீடியோவுக்குச் சிவப்பு போட்டது யாருன்னு மேல பேரு போவுது. ஷிரீன்னு போவுது. நாஞ் சொல்றது உனக்குப் புரியுதா? ஊரு இருக்கற இருப்புல இது எதுக்கு உனக்கு. மஞ்சளாச்சும் போட்டுட்டுப் போயிருக்கலாம்.”

அவளுக்குப் புரிந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பக்கத்து இருக்கை பிரீத்தி திருச்செங்கோட்டுக்காரி. தின்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப கடவுளுக்கு இறால் ஒத்துக்காதுன்னு எழுதியிருக்கணும்டி நீயி,” என்றாள். ஷிரீன் சிரிக்காததைப் பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டாள். “சரி உடு. நேராப் போயிச் சொல்லிருவோம். எங்க ஊட்டுல இருந்து ஸ்கூட்டில போனா அணை பக்கந்தான்.”

வீடியோ எடுப்பவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அலுவலக விதி. அது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை ஷிரீன் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். வழி நெடுக, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜேடர்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அணையில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்தவர்கள் மீன்கடைகளில் மொய்த்தார்கள். காளிதாஸின் கடை முன்னால் அபியின் படம் போட்ட பேனர். படத்தில் உதடு வீங்கியிருந்தது. காளிதாஸ் கல்லில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள்.

“வாங்க அம்மிணிகளா, உக்காருங்க. கெளுத்தி இருக்குது, ஜிலேபி மீனு இருக்குது.”

ஷிரீனுக்கு வாய் வரவில்லை. பிரீத்திதான் ஆரம்பித்தாள். “ஏனுங்ணா, இவ சேலத்துக்காரி. அபி வீடியோ ஒண்ணு உடாமப் பாக்கறவ. படிச்ச புள்ள. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு வந்திருக்கறா.”

“என்றா சாமி இது, அபி! இங்க வா. சேலத்துல இருந்து உன்னையப் பாக்க வந்திருக்காங்க பாரு.”

அபி ஓடி வந்தாள். நேரில் இன்னும் சின்னவளாக இருந்தாள். கழுத்தில் சொறிந்த கோடுகள் காய்ந்து கருத்திருந்தன. அதைப் பார்த்ததும் ஷிரீனுக்குப் பேச்சு வந்தது. காரம் இல்லை, இறால்தான் காரணம் என்றாள். எந்தெந்த வீடியோவில் வீங்கியது, எதிலெல்லாம் வீங்கவில்லை என்று சொன்னாள். ஒரு நாள் தொண்டைக்குள்ளும் இதேபோல் வீங்கினால் மூச்சு அடைத்துவிடும் என்றாள்.

காளிதாஸ் முதலில் சிரித்தார். “மீன்காரன் பொண்ணுக்கு மீனு ஒத்துக்காதுங்களா? பொறந்ததுல இருந்து திங்கறாளுங்களே.”

“இறால் மீன் இல்லீங்க. அது வேற.”

“இறா மீனுன்னுதானுங்க எல்லாருஞ் சொல்றோம்.”

“பேருதாங்க மீன். பூச்சி, நண்டு வகையைச் சேர்ந்தது. ஆத்து மீனு அவளுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. இறால் மட்டும் வேண்டாம். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.”

கல்லில் மீன் கருகும் வாடை வந்தது. காளிதாஸ் அதைக் கவனிக்கவில்லை. மகளின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோடுகளை விரலால் தடவினார். “மூச்சு அடைச்சுருமுங்களா?” என்று மறுபடியும் கேட்டார். ஷிரீன் தலையசைத்தாள். அவர் உள்ளே போய், பரண்மேல் வரிசையாக இருந்த இறால் ஊறுகாய்ப் பாட்டில்களையும் வற்றல் பொட்டலங்களையும் அள்ளிவந்து, மீன் குப்பை போடும் வாளியில் கொட்டினார். “தெரியாமப் பண்ணிட்டனுங்க. என்ற சாமிக்கு நானே வெசத்தக் குடுத்திருக்கறேன்.”

ஷிரீனுக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா என்றிருந்தது.

கிளம்பும்போது அபி ஸ்கூட்டிவரை கூடவே வந்தாள். “அக்கா, நெசமாவே காரத்துனால இல்லீங்களா?”

“இல்லை.”

“அப்ப இனிமே மீன்வாய் வராதா?”

“வராது. நல்லதுதானே?”

அபி வண்டியின் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்தாள். பாதிப் பல்லை நாக்கால் தடவினாள்.

“உதடு வீங்காட்டி யாருங்க்கா பாப்பாங்க?”

பிரீத்தி வண்டியை முறுக்கினாள்.  

அடுத்து வந்த வாரங்களில் அபி கம்மங்கூழ் ருசி பார்த்தாள். தட்டுவடை செட் ருசி பார்த்தாள். “உப்பு சரியா இருக்குதுங்க,” என்றாள். ஷிரீன் பச்சையை அழுத்தினாள். வீடியோக்களுக்குக் கீழே, மீன்வாய் எங்கே, மீன்வாய் போச்சா, சப்பென்று இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பிறகு அப்படி எழுதுகிறவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீடியோவில் அபி தானாகவே வாயை மீன் மாதிரி வைத்துக் காட்டினாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அன்று கடையில் பிரீத்தி கொடுத்துவிட்டு வந்த ஷிரீனின் எண்ணுக்குக் காளிதாஸ்தான் அழைத்திருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, நல்லா இருக்கீங்களா? நாமக்கல்லுல டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்தனுங்க. நீங்க சொன்னது அச்சரம் பிசகாமச் சரிங்க. இறாதானாமா.”

“நல்லதுங்க. இனி அது கிட்டயே போகாம இருந்தாப் போதும்.”

“ஆமாங்க, அந்தம்மாவும் அதேதான் சொன்னாங்க. தப்பித்தவறித் தின்னுட்டா உடனே ஊசி போடோணும்னாங்க. ஊசி போட்டா அடங்கிருமாமுங்களே?”

“அடங்கும். ஆனா...”

“அடங்கிருமுங்கல்ல? அது போதுமுங்க. நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டனுங்க. உங்க புண்ணியம் அம்மிணி. அணைப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வராமப் போகாதீங்க.”

கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஷிரீன் திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ‘ஆனா’ என்பதற்குப் பிறகு சொல்லவிருந்ததை மனசுக்குள் சொல்லி முடித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அது அவள் திரைக்கு வந்தது. தலைப்பு: ‘மீன்வாய் திரும்பி வந்தாச்சு. இறா ரெடி, ஊசி ரெடி.’

அபி புதுப் பாவாடை சட்டையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு நிறைய இறால் வறுவல். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் மருந்துக் குப்பியும் ஊசியும். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்று சொல்லி ஒரு பெண்ணையும் அருகில் நிற்கவைத்திருந்தார்கள். அவள் கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள்.

“பயப்படாதீங்க மக்களே, எல்லாப் பாதுகாப்போடவுந்தான் பண்றோம்,” என்றது காளிதாஸின் குரல். “இதையக் கண்டுபுடிச்சுச் சொன்ன சேலத்து அம்மிணிக்கு நன்றிங்க. அவங்க மட்டும் சொல்லலைன்னா நாங்க தெரியாமயே இருந்திருப்போம். சாப்புடு சாமி.”

ஷிரீன் சிவப்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். பொத்தான் சாம்பலாகவே கிடந்தது. முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

அபி ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைத் தின்றாள். பிறகு கேமராவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உதடு வீங்கத் தொடங்கியதும் அவள் கண்ணில் சந்தோஷம் தெரிந்தது. வாயைத் திறந்து மூடினாள். அதோடு நிற்கவில்லை. கன்னம் உப்பியது, இமை உப்பியது. இருமினாள். மறுபடியும் இருமினாள். பேச முயன்றபோது குரலுக்குப் பதில் விசில் போல ஒரு சத்தம் வந்தது. கை தானாகத் தொண்டைக்குப் போனது.

“அழுவாத சாமி. ஊசி போட்டுக்கலாம் சாமி. அக்கா, போடுங்க அக்கா, சீக்கிரம் போடுங்க!”

படம் ஆடியது. தரை தெரிந்தது, யாருடைய செருப்போ தெரிந்தது. பிறகு வெட்டி ஒட்டியிருந்தார்கள். அபி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“எப்படி இருந்துச்சுன்னு சொல்லு சாமி.”

அபி கட்டைவிரலை உயர்த்தினாள். “நல்லா இருந்துச்சுங்க,” என்றாள். குரலே இல்லை, உதட்டசைவுதான். பாதிப் பல் தெரிந்தது.

பொத்தான்கள் உயிர் பெற்றன. ஷிரீன் சிவப்பை அழுத்தினாள். பக்கத்தில் இயந்திரத்தின் சுருக்கம் தயாராக இருந்தது. கடவுளுக்கு இறால் படைக்கப்படுகிறது. கடவுளே அழாதே என்று பக்தர் வேண்டுகிறார். பெண்ணொருத்தி சடங்கு செய்கிறாள். கடவுள் திருப்தி அடைகிறார். பிரிவு: பக்தி.

காரணம் கேட்கும் கட்டத்தில் அவள் ஒரே வரி எழுதினாள். ‘சாமி என்பது இங்கே ஒரு குழந்தை.’

காளிதாஸுக்கு மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், கரண்டிச் சத்தம்.

“பாத்தீங்களா அம்மிணி? நல்லா இருக்கறாளுங்க, இப்ப வெளையாடிட்டு இருக்கறா. ஊசி போட்டதும் அப்படியே அடங்கிருச்சுங்க.”

“அண்ணா, தயவுசெஞ்சு இனிமே பண்ணாதீங்க. அடுத்த தடவை ஊசிக்கும் அடங்காமப் போகலாம்.”

“நான் எங்கீங்க பண்றேன். வேண்டாஞ் சாமீன்னுதான் சொன்னேன். அவதான் கேக்க மாட்டீங்கறா. நீங்களே சொல்லுங்க. அபி, சேலத்து அக்கா!”

அபி போனை வாங்கினாள். மூச்சுவிடுவது கேட்டது.

“அக்கா, நீங்க பாத்தீங்களா?”

“பார்த்தேன் அபி.”

“கடைசி வரைக்கும் பாத்தீங்களா?”

“ஆமா.”

“அய்,” என்றாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் சிவப்பு பச்சையாகிவிட்டது. கூடவே பூபதி அவள் இருக்கைக்கே வந்தார். நின்றபடியே, அவள் முகத்தைப் பாராமல், “நாளையில இருந்து உன்னையத் தாலாட்டுப் பிரிவுக்கு மாத்தியிருக்குதும்மா,” என்றார். “அங்க எல்லாமே பச்சைதான். நிம்மதியா இருக்கலாம்.”

பிரீத்தி தன் பொரிகடலைப் பொட்டலத்தை ஷிரீனின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. “என்னடி சொல்றே? எங்கே கத்துக்கிட்டே இந்தப் பேச்சை? நம்ம வீட்ல யாரு புள்ளையச் சாமீங்கறா?”

மஹீன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பொம்மை. அதன் வாயைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்சால் பட்டையாகத் தீட்டியிருந்தாள். முன்னால் ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் அரிசி. ஒவ்வொன்றாக எடுத்துப் பொம்மையின் வாயில் வைத்தாள்.

“இன்னொரு வாய் சாமி. அழுவாத சாமி.”

ஷிரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொம்மையை வாங்கிக்கொள்ள நினைத்துக் கையை நீட்டினாள். மஹீன் அந்தக் கையில், மூடி கழற்றிய ஒரு பேனாவை வைத்தாள்.

“நீங்க ஊசி போடுங்க குப்பி. நீங்கதானே படிச்சிருக்கீங்க.”